இருமலில் விழுந்த முத்து

மார்கழியில் எனக்கு இருமல் வந்தது. சில நாள் கழித்து இருமும்போது முத்து விழுந்தது. கடுகளவு முத்துகள். என் கணவர் லியோன் அவற்றைத் தட்டில் ஏந்தி, கழுவி, முத்து வியாபாரியிடம் கொண்டுபோனார்.

வியாபாரி வீட்டுக்கே வந்துவிட்டார். என் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இதெல்லாம் வெறும் நொய். பெரிசு உள்ள இருக்கு. தூத்துக்குடியில பாதிய வாங்கிரலாம். விளையட்டும். மருந்து மட்டும் குடுத்துராதீங்க."

லியோன் மருந்துப் பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தார். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, என் கட்டிலை அதன் கீழே இழுத்துப் போட்டார். "சாப்பிட்டியா" என்று ஒருநாளும் கேட்டறியாதவர், ஐஸ்கிரீம் வாங்கிவந்து ஊட்டிவிட்டார். பிறகு நெஞ்சில் காதை வைப்பார்.

"வளந்திருக்கு பிலோ."

காய்ச்சல் ஏறியது. மணப்பாட்டிலிருந்து என் தங்கை ஜெசிந்தா கஷாயம் கொண்டுவந்தாள். "குடிச்சிரு அக்கா. எலும்பெல்லாம் தெரியுது." அவள் போனதும் அதை நானே ஜன்னல் வழியாக ஊற்றினேன். லியோன் இல்லாத நேரத்தில் பெரியதை இருமி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும் என்றிருந்தேன். அவர் பக்கத்தில் இருக்கும்போது வரும் இருமலை விழுங்கப் பழகினேன். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, என் வாய்க்குக் கீழே உள்ளங்கையை விரித்தபடி உட்கார்ந்தார்.

ஒரு மத்தியானம் விழுங்க முடியாத இருமல் வந்தது. இருவருமே கையை நீட்டினோம். முதலில் உப்புத்தண்ணீர் வந்தது. பிறகு முத்துக்குளிக்கும் ஆள் ஒருவர் வெளியே வந்து தரையில் நின்றார். இடுப்பில் கயிறு. கையில் எலுமிச்சை அளவுக்கு முத்து.

"அது என் வீட்டு முத்து," என்றார் லியோன்.

"என் முத்து," என்றேன் நான்.

"மூச்சடக்கி எடுத்தவன் நான்ல," என்றார் வந்தவர். துண்டு கேட்டு வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார்.

லியோன் குரலைத் தாழ்த்தினார். "உள்ள இன்னும் கிடக்கா அண்ணாச்சி?"

"ஒன்னுமில்ல. வெறும் சிப்பி."

அவர் முத்தோடு படியிறங்கிப் போனார். லியோன் ஜன்னலைச் சாத்திவிட்டு, எனக்கு முதுகு காட்டிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் கண்விழித்தபோது என் விலா ஓரமாக மீனவர்கள் இரண்டு படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். லியோன் கட்டிலருகே நின்று அவர்களிடம் வாடகை பேசிக்கொண்டிருந்தார். என்மேல் விரித்த வலை காயும்வரை புரண்டு படுக்க வேண்டாம் என்றார்கள். நான் புரளவில்லை.