அகல்யாவுக்குக் கேட்ட பூ

என் அக்கா அகல்யாவின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வீட்டில் மூன்று விளக்கங்கள் இருந்தன. ஸ்கேனைக் காட்டி டாக்டரம்மா சொன்னது: கருப்பையின் உள்சுவரில் இருக்க வேண்டியவை போன்ற செல்கள் வெளியே சினைப்பையில் குடியேறி, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறது, வெளியேற வழியில்லாமல் கட்டியாகிவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் சினைப்பையைக் காப்பாற்றலாம். சூரமங்கலத்தில் ஊசி குத்தும் சீன வைத்தியர் பிரபாகர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னது: ரத்தம் தேங்கியிருக்கிறது, கருப்பையில் குளிர் ஏறியிருக்கிறது. அம்மா சொன்னது: கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்.

பிரபாகர் நேர்மையான ஆள். ஊசி வலியைக் குறைக்கலாம், கட்டிக்கு நான் பொறுப்பில்லை, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார். அம்மாவின் காதில் முதல் மூன்று சொற்கள் மட்டும் ஏறின. கத்தி வைத்த பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை.

முடிவை அம்மனிடம் விட்டார். எங்கள் பக்கம் இதற்குப் பூ கேட்பது என்று பெயர். செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் வெள்ளரளியை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் போட்டால் பூசாரி ஒன்றை எடுப்பார். சிவப்பு வந்தால் ஆபரேஷன், வெள்ளை வந்தால் சீனா.

சிவப்பு வந்தது. அம்மா வெளியே வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊட்டுக்குத் தூரமா இருக்கறயா?"

இருந்தாள். அதனால்தான் வெளியே புளியமரத்தடியில் நின்றாள். ஆனால் வரும் வழியில் பூக்கூடை அவள் மடியில் இருந்தது. தீட்டு, வாக்கு செல்லாது. ரத்தம் நின்ற பிறகு கேட்கலாம் என்றார் பூசாரி. நிற்காததுதான் அவளுடைய நோய். இரண்டாம் முறை பாதி வழியில் அவளுக்கு மறுபடி வந்துவிட, கார் திரும்பியது. அம்மனும் பெண்தான், அவளிடம் யாரும் தேதி கேட்பதில்லை.

நான்கு மாதம் போயிற்று. சூரமங்கலம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அக்கா மடங்கி உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் முறை பொட்டலம் மடித்தது நான். அக்கா பக்கத்தில் வந்தாள்.

"இன்னும் நிக்கலடா. நின்னுருச்சுன்னு சொல்லிட்டேன். நீ ரெண்டுலயும் செவப்பே வெச்சுரு."

வைத்தேன். அக்கா கோயிலுக்குள் வந்து கும்பிட்டாள். சிவப்பு வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சப் பொட்டலத்தை நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டதற்கு, பன்னிரண்டு நாளாக நிற்கவேயில்லை என்றாள் அக்கா. அம்மா விரல்விட்டு எண்ணினார்.

கட்டி பெரிதாகிவிட்டது, இடது சினைப்பையை எடுக்க வேண்டியதாயிற்று, நான்கு மாதம் முன்பே வந்திருக்கலாமே என்றார் டாக்டரம்மா. அந்த நான்கு மாதமும் அம்மாவின் காதில் ஏறவில்லை. அக்கா கண் விழித்ததும் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"தீட்டோட கோயிலுக்குள்ள வந்துட்டயே சாமி. அம்மன் சும்மா உடுவாளா?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொட்டலம் என் பையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால், நாளை வலது சினைப்பை போனாலும் அதற்கும் இப்போதே ஒரு காரணம் கிடைத்துவிடும்.