ரேடியேட்டரில் கடுகு

ஸ்டாமெனாவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு போட்டிருந்தது. பாரம் ஏற்றிய லாரி மலையேற்றத்தில் கொதித்து நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டாள். வெந்நீர் பீறிட்டுக் கையைப் பொசுக்கியது. லாரியில் இருந்த ராஸ்பெரிப் பழம் அத்தனையும் வெயிலில் கூழாகிவிட்டது. "பொம்பளை லாரி ஓட்டினா இப்படித்தான்" என்று பழம் வாங்கும் குளிர்கிடங்கு வாசலில் சிரித்தார்கள். அவள் கணவன் விதோயேவும் அவர்களோடு சேர்ந்துகொண்டான்.

"கியரை மாத்தாம மிதிச்சா எந்த எஞ்சின் தாங்கும்? நான் ஓட்டறப்ப ஒரு தடவையாவது சூடாயிருக்கா?"

ஆகவில்லைதான். அவன் ஓட்டியதெல்லாம் காலி வண்டியை, இறக்கத்தில்.

அந்தப் பழைய டீசல் லாரி அவளுடைய செத்துப்போன அப்பாவுடையது. அதில்தான் அவள் ஓட்டப் பழகினாள். இருந்தும் அவளுக்கே தன்மீது சந்தேகம் வந்துவிட்டது. சாவியைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள்.

"என் மேல தப்பான்னு பாத்துச் சொல்லுங்க, மிலுன் அண்ணே" என்றாள் பட்டறையில்.

மெக்கானிக் மிலுன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, உள்ளே எட்டிப் பார்த்தான். "குமிழி வரல. எஞ்சினோட ஹெட் கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு, உள்ளே காத்து கசியல." ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினான்; விறைப்பாக இருந்தது.

"தெர்மோஸ்டாட்டாத்தான் இருக்கும். அதை மாத்திடு, போதும்" என்றான் விதோயே.

"ஏன் பறக்கற? பொண்ணு பாக்கப் போறியா?"

மிலுன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தான். தண்ணீர் சூடேறியதும் அந்த வால்வு ஒழுங்காக வாய் திறந்தது; கோளாறு அதிலில்லை.

அதை மறுபடி மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்த பிறகு, மிலுன் ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டினான்.

"ஓரமெல்லாம் சுடுது. நடுவுல சில்லுனு கிடக்கு. உள்ளே குழாய் அடைச்சிருக்கு, தங்கச்சி."

சூடு தணிந்ததும் கீழ் ஹோஸைக் கழற்றினான். பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி சட்டியில் விழுந்தது. முகர்ந்து பார்த்தான்.

"கடுகு! ஒழுகலை அடைக்க எவனோ கடுகுப் பொடியைக் கொட்டியிருக்கான். காலி வண்டின்னா சமாளிச்சிடும். பாரத்தோட மேடு ஏறினா கொதிக்காம என்ன செய்யும்?"

"அப்பாவாத்தான் இருக்கும்" என்று ஸ்டாமெனா சிரித்தாள். அவள் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. "கஞ்சப் பிசினாரி! புது ரேடியேட்டர் வாங்க மனசு வருமா அவருக்கு?"

விதோயே தலையாட்டியிருந்தால் போதும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"உங்கப்பா இல்ல. நான்தான். வசந்தத்துல சொட்டுச் சொட்டா ஒழுகிச்சு. உன்கிட்ட சொல்லாமப் போட்டுட்டேன்."

மிலுன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"எனக்குக் கை வெந்தப்ப இது உனக்கு ஞாபகம் வந்துச்சா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. "வந்துச்சு" என்றான். "அதனாலதான் இன்னும் சத்தமா உன்னைத் திட்டினேன்."

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. "கடுகு போட்டதை விடு. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு என்னையே நம்ப வச்சே பாரு, அதை எங்க கொண்டு போய்க் கழுவறது?" என்று சொல்லிவிட்டு, சாவிக்காக இடது கையை நீட்டினாள்.

புண் ஆறி, வேறு ரேடியேட்டர் மாட்டிய பிறகு, விதோயே பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவளே சுமையோடு லாரியை மலையேற்றினாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. கிடங்கு வாசலில் விதோயே கீழே குதித்து, யாரும் கேட்காமலே நடந்ததைச் சொன்னான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அங்கேயே அவனுக்குக் 'கடுகு' என்று பேர் வைத்தார்கள். சொல்லிவிட்டால் மனசுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான், இறங்கவில்லை. ஸ்டாமெனா சிரிக்கவில்லை. தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வேடிக்கை பாத்தது போதும். பெட்டியை அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

அவன் ஓடிப்போய்ப் பிடித்தான்.