கொவென்றிக்குப் போன குரல்

2003 ஒக்டோபரில், ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்து அல்பேர்ட்டின் குரல் இங்கிலாந்திலுள்ள கொவென்றிக்குப் போய்விட்டது. ஆள் போகவில்லை. தனிக்கட்டையான அவர் வழக்கம்போல பேக்கரி வேலைக்குப் போய்வந்தார். அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. ஜெர்மன்காரருக்கு அவர் எப்போதும் கதை குறைந்தவர்தான்.

காரணம் மாதா சுரூபம். செபமாலை மாதத்தில் அது தமிழ்க் கத்தோலிக்கரின் வீடு வீடாகப் போகவேண்டும். அவர்களுடைய சபையின் தலைவரோ, ஜெர்மனியில் அகதிக்கு மாவட்டம் தாண்டத் தடை போட்டதுபோல, தன் வரவேற்பறையை விட்டு அதை அசையவிடவில்லை. "கூட்டத்திலை எழும்பிக் கேளுங்கோ அண்ணை, பின்னாலை நானும் எழும்புறன்" என்றான் பென்ஜமின். அகதி முகாமில் அல்பேர்ட்டோடு ஒரே கோப்பையில் சாப்பிட்டவன். அல்பேர்ட் எழும்பிக் கேட்டார். பென்ஜமின் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான், கட்டிக்கொண்டேயிருந்தான், பாவி. அன்றிலிருந்து சபையில் ஒரு சனமும் அல்பேர்ட்டோடு கதைக்கவில்லை. பென்ஜமினும்தான்.

பதில் கிடைக்காத குரல் டோர்ட்மண்டில் தங்கவில்லை. அங்கே அல்பேர்ட் வாயசைத்தால், கொவென்றியில் தங்கை வெரோனிக்காவின் குசினியில் கேட்டது: "பென்ஜமின், நீ ஏன் எழும்பேல்லை?" வேறொன்றும் இல்லை. பயந்துபோய் அவள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயரைக் கூப்பிட்டாள். அவர் அசரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒருவரோடு பேச்சை நிறுத்துவதை அந்த நாட்டில் 'கொவென்றிக்கு அனுப்புவது' என்பார்களாம். இப்போது வயதானவர்கள்தான் சொல்வார்களாம். இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் அரசன் படையினரைப் பிடித்து அங்கே அடைத்தபோது, ஊர்ச்சனம் அவர்களோடு வாய் திறக்கவில்லையாம். வேறு கதைகளும் உண்டு, எது சரியென்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு குரல் ஊரெல்லாம் கேட்டது. கடையில், பஸ் தரிப்பிடத்தில். சனம் பழகிக்கொண்டது.

அந்த வருடங்களில் ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்த பலர் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக இங்கிலாந்துக்குப் போனார்கள். 2008இல் பென்ஜமினும் போனான். அவனுக்கு வீடு அமைந்ததும் கொவென்றியில். முதல்நாள் பின்னேரமே கேள்வி வந்தது. வீடு மாறினான், அவனுக்கு முன்னே குரல் அங்கே போயிருந்தது. கடைசியில் ஒருநாள் அழுதேவிட்டான். "பயந்திட்டன் அண்ணை, என்னையும் ஒதுக்கிப்போடுவினம் எண்டு பயந்திட்டன்!" வந்திருந்தது குரல் மட்டும்தானே; அல்பேர்ட்டின் காது டோர்ட்மண்டில், மா பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

பென்ஜமினின் மனைவி கொறற்றி தொலைபேசியை நீட்டினாள். "இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கோவன்."

"ஏலாது. சபையிலை ஆருக்கும் தெரிஞ்சால்?"

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். மறுநாள் குரல் வந்தபோது, "இவர் எழும்பமாட்டார் அண்ணை. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று மேசையில் ஒரு கப் கூடுதலாக வைத்தாள்.