கால் மணி நேரம்

அந்தக் கூட்டத்தில் தந்த காபியைக்கூடத் தளவாய் தொடவில்லை.

பத்தொன்பது வருசமாகக் குற்றால மலைமேல் மழைமானி பார்க்கிறவர் அவர். மழை வலுத்தால் கீழே அருவியில் பெண்கள் பக்கம் காவல் நிற்கும் முத்துவடிவுக்கு ஒரு போன் போடுவார். அவள் விசிலடிப்பாள், ஜனங்கள் வெளியேறும். அவ்வளவுதான் சங்கதி.

இந்தச் சீசனுக்கு முன்னால் டெல்லியில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். எல்லாத் துறைத் தகவலையும் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிற அலுவலகமாம். அது போட்ட முதல் உத்தரவே, யாரும் யாருக்கும் நேரடியாக எதுவும் சொல்லக்கூடாது என்பதுதான். அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சரிபார்த்து அவர்களே அனுப்புவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே!

போன ஞாயிற்றுக்கிழமை மலைமேல் பேய்மழை. தளவாய் அளவை ஏற்றினார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற நேரத்தில் வேலைக்கு உலை வைத்துக்கொள்வானேன் என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே தலையில் எண்ணெய் வழிய முந்நூறு பேராவது நிற்பார்கள். கால் மணி நேரம் போயிற்று. அதற்குமேல் மனசு கேட்கவில்லை, போனை எடுத்துவிட்டார்.

“முத்துவடிவு, ஒரு ஆள் நிக்கக்கூடாது. தண்ணி வருது.”

கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கடைசியாகப் படியேறியதும், மரக்கட்டையும் பாறையுமாக வெள்ளம் இறங்கியது. டெல்லித் தகவல் முத்துவடிவுக்கு மறுநாள் பகல் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது.

இன்று தென்காசிக் கூட்டத்தில், ஆளில்லாத அருவிப் படத்தைத் திரையில் போட்டு, எங்கள் அலுவலகத்தின் முதல் வெற்றி என்கிறான் டெல்லியிலிருந்து வந்த அதிகாரி. யார் பெற்ற பிள்ளைக்கோ இவன் அப்பன் பேர் போடுகிறான், தூ!

முடிந்ததும் தளவாயைத் தனியே கூப்பிட்டு இரண்டு தாள்களை நீட்டினான். ஒன்று, எச்சரிக்கை அலுவலகம் வழியாகத்தான் போனது என்கிற வாக்குமூலம். மற்றது, அனுமதியின்றித் தகவல் சொன்னதற்கு மெமோ. முதலாவதில் கையெழுத்துப் போட்டால் இரண்டாவதைக் கிழித்துவிடலாம் என்றான்.

தளவாய் வாக்குமூலத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மெமோவை வரி விடாமல் படித்தார்.

“இதுல ஒரு தப்பு இருக்கு சார். போன் போட்டத எழுதியிருக்கீய. கால் மணி நேரம் போடாம இருந்தேம்லா, அத எழுதல.”

பேனாவை வாங்கி, அதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.