பதினேழாம் ஃபிரெட்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டினான். தேநீர் போட்டுக் குடித்தான். கோப்பையைக் கழுவினான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாண்டலினின் எட்டுக் கம்பிகளையும் சுருதி சேர்த்தான். பிறகு ஒரே ஸ்வரத்தை நாற்பது முறை வாசித்தான். முப்பத்தெட்டு முறை அது கரகரத்தது. இரண்டு முறை சத்தமே வரவில்லை. எட்டரைக்கு அலுவலகம் போனான்.

அந்த ஸ்வரம் பதினேழாம் ஃபிரெட்டில் இருந்தது. மாண்டலினின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகள் மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். கடைசியில் விரல் நுனிக்கே இடம் போதாது. விரல் ஃபிரெட்டை ஒட்டி நிற்க வேண்டும், அதன்மேல் ஏறக் கூடாது. அழுத்தினால் சுருதி கெடும், தளர்த்தினால் இரையும். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவனுக்கு அரை மில்லிமீட்டர் ஒன்றும் புதிதல்ல. ஆனால் குழாய் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காது.

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. தெருமுனையில் ஒரு லாரி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் யாரோ, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். அந்த மேல் ஸ்வரத்தைச் சுத்தமாக வாசிக்கச் சொன்னாளாம். அழுதுகொண்டிருந்தவளிடம் போய் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினான்.

வாக்கியம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. ஒரு மாதத்தில், சொல்லும்போது அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். மூன்றாம் மாதம், பக்கத்தில் நின்ற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறாம் மாதம் அலுவலகக் கலை மன்றத்தின் செயலாளர் கையில் அது அகப்பட்டது. மைக் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாத மனிதர். "உலகமே கேட்கணும்" என்ற சொற்களை அவர்தான் சேர்த்தார். நினைவுக் கூட்டத்துக்கு அழைப்பிதழும் அடித்துவிட்டார். அதில் மனைவியின் படத்தைவிட மாண்டலினின் படம் பெரிதாக இருந்தது.

அவள் உண்மையில் சொன்னது அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் பல் தேய்க்கும்போது, உலகமே கேட்கணும் என்று அவள் குரலிலேயே காதில் விழுந்தது. அவள் உலகத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியவள் அல்ல. ஒரே ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சுத்தமாக வாசித்துக் காட்டிவிட்டால் இவர்களுடைய வாக்கியம் தீர்ந்துபோகும், தன்னுடையது தனக்கு மிஞ்சும் என்று நினைத்தான். அதனால்தான் காலையில் நாற்பது முறை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு செயலாளர் வீட்டுக்கு வந்தார். மாமியாரும் மச்சானும் வந்தார்கள். ஒரு ஸ்வரத்துக்காக மூன்று பேர் கொண்ட குழு சாப்பாட்டு மேசையில் கூடியது. அவனை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தான். குழு சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் செயலாளர். "அந்த ஒரு இடத்தை மட்டும் யாரையாவது வாசிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி ஓட்டிடலாமா? நீங்க விரலை வச்சுக்கிட்டு இருந்தா போதும்."

"ரெக்கார்டை ஓட்டச் சொல்லியா என் தங்கச்சி உயிரை விட்டா?" என்றான் மச்சான்.

இரண்டு ஃபிரெட் கீழே இறங்கி வாசித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று செயலாளர் கேட்டார். மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. மேல் என்றுதான் மகள் சொன்னாள், நேரில் கேட்டவள் நான் இருக்கிறேன் என்றாள்.

அவன் மாண்டலினை மேசையில் வைத்தான்.

"ஆஸ்பத்திரியில அவ ஒண்ணுமே சொல்லலை, அத்தை. கண்ணே திறக்கலை."

மாமியார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்ப ஏது நினைவு, மாப்பிள்ளை. பித்துப் பிடிச்ச மாதிரில்ல உக்காந்திருந்தீங்க."

குழு தலையாட்டியது. பேச்சு நாற்காலிகளின் எண்ணிக்கைக்குப் போய்விட்டது.

கூட்டம் வாரியத்தின் பயிற்சி அறையில் நடந்தது. மனைவியின் அடையாள அட்டைப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதில் அவள் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்வது போல இருந்தாள். அவளை ஒரு தடவைகூடப் பார்த்திராத நான்கு பேர் அவளுடைய இசை ஞானத்தைப் பற்றிப் பேசினார்கள். ஐந்தாவதாகப் பேசிய செயலாளர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவன் வாசித்தான். பாட்டு மெல்ல மேலே ஏறியது. அந்த இடம் நெருங்கும்போது அவனுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. ஐந்து பேச்சுகள் எல்லாவற்றையும் மரத்துப்போக வைத்திருந்தன. விரல் பதினேழாம் ஃபிரெட்டில் போய் உட்கார்ந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது. வலக்கையில் கம்பி மீட்டும் பிக் ஜோடிக் கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டது. கரகரப்பு இல்லாமல், இழுப்பு இல்லாமல், வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்வரம் சுத்தமாகக் கிளம்பியது.

அவன் கேட்டது அரை நொடி. மேடை ஓரத்தில் செயலாளரின் கைக்குட்டை மேலே போனது. முன் இரண்டு வரிசை ஊழியர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்தபடி கைதட்டினார்கள். அதைப் பார்த்துப் பின்வரிசைகள் எழுந்து நின்று தட்டின. கரகரத்தாலும் வெளியே தெரியக் கூடாது என்று மனிதர் செய்திருந்த ஏற்பாடு அது. ஸ்வரம் அதற்கடியில் எங்கேயோ அடங்கிப்போனது. வேறு ஒருவர் காதிலும் விழவில்லை. மாமியார் கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் இருந்தவளிடம், எவ்வளவு சுத்தமாக வந்தது பார் என்றாள்.

செயலாளர் மைக்கை அவன் வாய்க்கருகே கொண்டுவந்தார். இவ்வளவு நாள் மற்றவர்கள் சொன்னோம், கணவர் தம் வாயாலேயே அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லட்டும் என்றார். மாமியார் முதல் வரிசையிலிருந்து, ம், சொல்லுங்கள் என்பது போலத் தலையசைத்தாள்.

அவன் மைக்கை வாங்கிக்கொண்டான். அது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் என்றான். லாரி மோதிய அந்தச் சாயங்காலம் தான் இதே ஸ்வரத்தை வாசித்துக்கொண்டிருந்ததாகவும், அவள் காதைப் பொத்திக்கொண்டு அறைக்கு அறை நடந்ததாகவும், கடைசியில் கடைக்குப் போவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டதாகவும் சொன்னான். வாங்க எதுவும் இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்:

"நான் வர்ற வரைக்கும் வாசிச்சுக்கோங்க. வந்ததும் நிறுத்திடணும், சொல்லிட்டேன்."