லாவுத்தாரோவின் முறை

லாவுத்தாரோ சுபெல்தியா ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை ஐந்தரை மணிக்கு, அர்ஜென்டினாவின் சாந்தா எலோய்சா ஊரில் அவன் அம்மா டெல்மிரா அவனுடைய காலி நாற்காலிக்கு முன்னால் வைத்த மாத்தே என்னும் இலைத் தேநீரை, பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபடியே அவன் குடித்து முடித்தான். அவள் கைப்பழக்கத்தில் வைத்ததுதான். சுரைக்குடுவையில் இருந்த கசப்பு வெந்நீர் உறிஞ்சுகுழல் வழியே ஏறியது. அடியில் நீர் தீர்ந்ததும் வழக்கமாக வரும் கொரகொர சத்தம் வந்தது. டெல்மிரா குடுவையை எடுத்து, மறுபடி வெந்நீர் ஊற்றி, பக்கத்தில் இருந்த நாத்தனார் நீல்தாவிடம் நீட்டினாள். அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சு, ரொட்டி விலை ஒரே வாரத்தில் இரண்டாம் முறை ஏறியதுதான்.

காரணம் கேட்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மாத்தே ஒரே குடுவையில், ஒரே குழலில், வட்டமாகச் சுற்றி வரும். ஊற்றுகிறவர் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. போதும் என்கிறவர், குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவர் வட்டத்தில் இருக்கிறார். கிளம்பும் நாளன்று லாவுத்தாரோ குடித்துக்கொண்டிருந்தபோது, வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரத்துக்கு வராத பேருந்து இருபது நிமிடம் முன்னதாகவே வந்து ஹாரன் அடித்தது. அழுகையிலும் அவசரத்திலும் குடுவையை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடினான். நன்றி சொல்ல மறந்துபோனான்.

அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஊர்ப் பால் சங்கத்தில் வேலை பார்த்தான். சங்கம் பாதிக் கதவை மூடியபோது அவன் மூடிய பக்கத்தில் இருந்தான். அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா பசி தாங்காமல் எந்த இத்தாலியை விட்டுக் கப்பலேறினாரோ, அதே இத்தாலியின் கடவுச்சீட்டு, அந்த மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாத இவனுக்குக் கிடைத்தது. அது இருந்தால் ஐரோப்பாவில் எங்கும் வேலை பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு ஸ்பெயினின் வாலென்சியாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் சேர்ந்தான். சொந்த ஊரில் அவனை யாரும் அர்ஜென்டினாக்காரன் என்று கூப்பிட்டதில்லை. அங்கே முதல் நாளிலிருந்தே அதுதான் அவன் பெயர்.

டெல்மிரா முதலில் சந்தோஷப்பட்டாள், அதை மறைக்கவும் இல்லை. பெருந்தொற்று வந்தபோது ஊரே பயந்து ஆளுக்கொரு குடுவை, ஆளுக்கொரு குழல் என்று மாறிப்போயிருந்தது. பலர் இன்னும் திரும்பவில்லை. இவள் வீட்டில் மட்டும் ஒரே குடுவை சுற்றியது. அதில் பிள்ளையும் இருக்கிறான் என்றால் வேறென்ன வேண்டும். தினமும் எட்டு சுற்று. "ஸ்பெயின்ல ஒழுங்கா சோறு போட மாட்டாங்க போல அண்ணி, என்ன உறிஞ்சு உறிஞ்சுறான் பாருங்க" என்று நீல்தா கிண்டல் செய்வாள்.

ஆனால் இங்கே மாலை ஐந்தரை என்றால் அங்கே இரவு பத்தரை. படுக்கையில் கிடப்பவன் வயிற்றில் எட்டுக் குடுவை மாத்தே சூடாக இறங்கினால் தூக்கம் எங்கிருந்து வரும்? விடிகாலை ஐந்து மணிக்கு வேலை. நின்றபடியே தூங்கி, அழுகிய பழங்களை நல்ல பழங்களோடு போக விட்டான். மேற்பார்வையாளர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். மூன்றாவது முறை என்றால் வேலை போகும், வேலையோடு தங்கும் அறையும் போகும். நான்கு மாதம் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. கைபேசித் திரையில் அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்து அவளே கேட்டுக் கறந்தாள்.

மறுநாள் டெல்மிரா அவன் முறையைத் தாண்டிப் பார்த்தாள். கெண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. அவன் நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோனதும் தாராளமாகக் கொட்டியது. மாத்தே குடிப்பதையே நிறுத்தலாமே என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அவன் நன்றி சொல்லிவிட்டால் தீர்ந்தது. இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஞாயிறுதோறும் பேசினார்கள், மழை, கால்பந்து, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி எல்லாம் பேசினார்கள், இதை மட்டும் இருவரும் தொடவில்லை. கடைசியில் நீல்தாதான் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "பிள்ளைய தூங்க விடுங்க அண்ணி. நீங்க அவன குடிக்க வைக்கல, கட்டிப் போட்டிருக்கீங்க."

டெல்மிராவுக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கைபேசியில் அவனைக் கூப்பிட்டு, ஒரு குடுவை ஊற்றி அவன் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். அது கொரகொரவென்று காலியானது.

"இப்ப சொல்லிடுடா," என்றாள். "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவன் சொன்னான்: "இங்க நாள் பூரா நன்றிதாம்மா சொல்றேன். கடையில, பஸ்ஸுல, அந்த மேற்பார்வைக்காரன்கிட்ட, தங்கற எடத்துக்காரிகிட்ட. எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். உன்கிட்ட மட்டும் வரமாட்டேங்குது."

டெல்மிரா கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்து அழுதாள். பிறகு நிமிர்த்தி, "சரி, சொல்லாத. வேலை முடிஞ்சு எத்தன மணிக்குடா சும்மா இருப்ப?" என்று கேட்டாள்.

நான்கு மணிக்கு என்றான். அடுத்த வாரமே அவள் பகலில் பார்த்துவந்த பள்ளிச் சமையல் வேலையை விட்டு, மாலையில் வகுப்பறை பெருக்கும் வேலைக்கு மாறினாள். சம்பளம் குறைவு, முழங்காலுக்கும் ஆகாது. அங்கே நான்கு ஆகும்போது, இங்கே காலை பதினொரு மணிக்கு அடுப்பில் கெண்டி ஏறியது. மதியச் சமையல் நேரத்தில் எவளாவது மாத்தே குடிப்பாளா என்று தெருவில் சிரித்தார்கள். ஸ்பெயினில் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தபோது இவள் கெண்டியை நண்பகலுக்குத் தள்ளினாள். அதற்கும் சிரித்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். லாவுத்தாரோ நன்றாகத் தூங்கினான். வேலை முடிந்ததும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து, கையில் இல்லாத எதையோ குடிப்பான். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். அவன் கண்டுகொள்வதில்லை.

இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. ஓர் ஆகஸ்டு மாதச் செவ்வாய்க்கிழமை, லாவுத்தாரோவின் முறை முடிந்து கொரகொர சத்தம் கேட்டு, டெல்மிரா குடுவையை எடுத்தாள். குழலின் நுனியில் சிவப்பு உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது. நீல்தாவும் பார்த்தாள். இருவருமே உதட்டுக்குச் சாயம் பூசுகிறவர்கள் இல்லை. வட்டத்தில் ஒருவர் குடித்த குழலைத் துடைப்பது அவரை வாசலோடு திருப்பி அனுப்புவதற்குச் சமம். டெல்மிரா துடைக்கவில்லை. சூடு போதுமா என்று கெண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூடத்திலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து வரும்படி நீல்தாவிடம் சொன்னாள்.