வேலிக்கு வெளியே ஒயுனா

மங்கோலியாவிலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் படிக்க வந்த ஒயுனாவுக்கு, பல்கலைக்கழக மாட்டுப் பண்ணையில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. வெள்ளிக்கிழமை மதியம் அந்த இருபது மணி நேரமும் முடிந்த நேரம் பார்த்து ஒரு பசு கன்று ஈனத் தொடங்கியது.

“இனி நீ கை வெச்சா உன் விசாவுக்குத்தான் ஆபத்து. வேலிக்கு அந்தப் பக்கம் போடி,” என்றாள் மேற்பார்வையாளர் டார்லீன்.

ஒயுனா தவிப்போடு வெளியே நின்றாள். கன்றின் ஒரு கால் மட்டுமே தெரிந்தது.

“அக்கா, இன்னொரு கால் மடங்கியிருக்கு. கன்னுக்குட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிட்டு, குளம்பைப் பிடிச்சு நிமிர்த்துங்க. பேசறதும் வேலையில சேருமா?”

“எம் புருஷன் நாள் பூரா பேசறான். எவன் சம்பளம் குடுத்தான்?”

டார்லீன் அவள் சொன்னபடியே செய்தாள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து தும்மியது. புது வாரக் கணக்கு தொடங்கும் திங்கட்கிழமை அதற்குப் பால் புகட்டும் வேலையை ஒயுனா அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு, சிரித்தபடி கிளம்பினாள்.